திருப்பி அனுப்பும் உரிமை

கொடைக்கானல் மலையில் பள்ளிகளுக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்லமாட்டார். மறைபரப்பாளர்களின் பிள்ளைகளுக்காக 1901-ஆம் ஆண்டு ஹைகிளர்க் என்ற பெயரில் தொடங்கி, இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக விளங்கும் நிறுவனத்துக்குக் கடல் கடந்தும் மாணவர் வருகின்றனர். நகரைச் சுற்றியுள்ள உறைவிடப் பள்ளிகளுக்குச் சமவெளி நகரங்களிலிருந்து பெற்றோர் விண்ணப்பிக்கின்றனர். அதே மலையில், பூம்பாறையையும் மன்னவனூரையும் கடந்து செல்லும் சாலையோரத்திலும், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களின் நடுவிலும், இரண்டு ஆசிரியர்களை வைத்துக்கொண்டு ஐந்து வகுப்புகளை நடத்தும் தொடக்கப் பள்ளிகளும் இருக்கின்றன. பூண்டு எடுக்கும் காலத்தில் அவற்றின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், அந்தச் சிற்றூர்களின் பொருளாதாரம் முழுவதும் விளங்கிவிடும்.

இந்த இரண்டாம் வகைப் பள்ளிகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு அண்மைக் காலமாக ஒரு விடை உரக்க ஒலிக்கிறது: பணத்தை அரசு கொடுக்கட்டும், பள்ளியைத் தனியார் நடத்தட்டும் என்பதே அது. அமெரிக்காவில் இம்முறைக்குச் ‘சார்ட்டர் பள்ளி’ என்று பெயர். சாசனப் பள்ளி எனலாம். 1991-ஆம் ஆண்டு மினசோட்டா மாநிலம் இதற்கு முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறக்கப்பட்டது. ஒரு தனிக்குழு அரசோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். பொதுப் பணத்தில், கட்டணம் வாங்காமல், அரசு விதிகள் பலவற்றிலிருந்து விலக்குப் பெற்றுப் பள்ளியை நடத்தும். சொன்னதைச் செய்யத் தவறினால் சாசனம் பறிக்கப்படும்.

நம் நாட்டிலும் இதன் சாயல்கள் தோன்றிவிட்டன. 2017-இல் இராஜஸ்தான் அரசு 300 பள்ளிகளைத் தனியாரோடு கூட்டாக நடத்த முடிவெடுத்து, ஆசிரியர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தமிழகத்தில் 2025 ஜனவரியில், தனியார் பள்ளிகளின் சங்கம் ஒன்று 500 அரசுப் பள்ளிகளைத் தத்தெடுக்கப்போவதாகச் செய்தி பரவியது. எழுந்த கொந்தளிப்பைக் கண்டு, பள்ளிகள் எவருக்கும் கையளிக்கப்படவில்லை என்று அமைச்சரே விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. விளக்கத்தோடு செய்தி ஓய்ந்தது. ஆயினும் எண்ணம் ஓயவில்லை. ஆகவே அந்த எண்ணத்தை நேர்நின்று ஆராய்வது நம் கடமை. அரசின் பணத்தில் பள்ளி நடத்தும் அனுபவம் இந்நாட்டுத் திருச்சபைக்கு இருப்பதுபோல் வேறு பலருக்கு இல்லை என்பதால், இக்கடமை நமக்கு இரட்டிப்பாகிறது.

என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். தமிழகத்துக்குச் சாசனப் பள்ளி என்ற புதுச்சரக்கு வேண்டியதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது வேறு பெயரில் இங்கே இருந்துவருகிறது. அரசு நடத்துகிறதா, தனியார் நடத்துகிறாரா என்ற வழக்கில் நாம் வேண்டிய மட்டும் காலத்தைச் செலவிட்டுவிட்டோம். கேட்கவேண்டிய கேள்வி வேறு. பொதுப் பணம் பெறும் இந்தப் பள்ளி எந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பலாம்? இக்கேள்விக்கு ‘எந்தக் குழந்தையையும் அனுப்ப முடியாது’ என்று விடை கூறும் பள்ளிக்கு, அதை நடத்துபவர் யாராயினும், பொதுப் பணம் போகலாம். வேறு விடை கூறும் பள்ளிக்கு ஒரு காசும் போகலாகாது.

பழைய ஒப்பந்தம்

1854-ஆம் ஆண்டின் உட்ஸ் அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கும் முறையை இந்நாட்டில் நிலைநாட்டியது. மறைபரப்பு நிறுவனங்கள் அந்த உதவியைப் பெற்றே சென்னை மாகாணத்தின் ஊர்களிலும் சேரிகளிலும் பள்ளிகளைப் பெருக்கின. விடுதலைக்குப் பின்னரும் அம்முறை தொடர்ந்தது. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குத் திட்டமான வடிவம் தந்தது. நிலமும் கட்டடமும் நிர்வாகத்தினுடையவை. ஆசிரியரின் ஊதியம் கருவூலத்திலிருந்து வரும். பாடத்திட்டமும் தேர்வும் அரசினுடையவை. இன்றும் 37,000-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளோடு, 8,000-க்கு மேற்பட்ட உதவிபெறும் பள்ளிகள் தமிழகத்தில் இயங்குகின்றன. மினசோட்டா சட்டமியற்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே இதை நாம் செய்துகொண்டிருந்தோம்.

இந்த ஒப்பந்தம் எதைச் சாதித்தது? தீண்டாமை கோலோச்சிய ஊர்களில், ஆலயத்தை ஒட்டிய ஓலைக் கொட்டகையில், ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் முதன்முறையாகப் பலகையைக் கையிலேந்தினர். பெண்பிள்ளைகளுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட காலத்தில், அருள்சகோதரியரின் பள்ளிகள் அவர்களை உள்ளே அழைத்தன. இவையெல்லாம் நடந்தது, வேறெவரும் உள்ளே விடாத குழந்தைகளை உள்ளே விட்டதனால்தான். தனியார் நிர்வாகம் என்ற ஒன்றினால் மட்டும் அது நடந்துவிடவில்லை. அதே காலத்தில், அதே தனியார் நிர்வாகத்தின்கீழ், சாதி பார்த்துச் சேர்த்த பள்ளிகளும் நாட்டில் இருந்தன என்பதை மறந்துவிடக்கூடாது.

பின்னர் அந்தக் கதவு சாத்தப்பட்டது. 1991-92-ஆம் கல்வியாண்டுக்குப் பிறகு தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை இல்லை என்பது தமிழக அரசின் கொள்கையாயிற்று. அமெரிக்காவில் புதிய கதவொன்று திறந்த அதே ஆண்டில் நாம் பழைய கதவை மூடினோம்! அன்றிலிருந்து, புதிதாகப் பள்ளி தொடங்க விரும்பிய எந்தச் சபைக்கும், எந்த அறக்கட்டளைக்கும் ஒரே வழிதான் எஞ்சியது: கட்டணம் வாங்குவது. கட்டணம் வாங்கவேண்டுமாயின், அது தரவல்லோர் வாழும் இடத்தில்தான் பள்ளியைக் கட்டவேண்டும். பழனியின் அடிவாரத்தில் கட்டலாம்; மலைமேல் ஒரு பளியர் குடியிருப்பின் அருகில் கட்ட இயலாது. கல்வி வணிகமானது என்று பெருமூச்சு விடுகிறோம். அதை அவ்வாறு ஆக்கியதில் இந்த ஒற்றை முடிவுக்கும் பங்குண்டு என்பதை ஏனோ பேசுவதில்லை.

சந்தையின் வாதம்

சாசனப் பள்ளிகளை வேண்டுவோரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கூலித் தொழிலாளியும் கடன் வாங்கிப் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறார். அரசுப் பள்ளியின்மீது அவருக்குள்ள மதிப்பீடு அதுவே என்கின்றனர். ஓட்டை மாற்றுவதற்கும் ஒப்புதல் கேட்டுக் காத்திருக்கும் தலைமையாசிரியரால் என்ன செய்ய முடியும் என்று வினவுகின்றனர். போட்டி வந்தால் தரம் வரும் என்கின்றனர். முதலிரண்டும் உண்மை. தலைமையாசிரியருக்கு உரிமை வேண்டும் என்பதும் சரியே. அந்த உரிமையை அரசுப் பள்ளியின் தலைமையாசிரியருக்கே கொடுத்தால் என்ன? பள்ளியை இன்னொருவர் கையில் கொடுத்த பிறகுதான் அது பிறக்கவேண்டுமா?

மூன்றாவது வாதம் மலையேறும்போது மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. போட்டிக்கு இரண்டு பள்ளிகளாவது வேண்டும். நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையையே நம்பியிருந்த வெள்ளகவி போன்றதோர் ஊரில், தாய் எந்தப் பள்ளியை ஒப்பிட்டு எதைத் தேர்ந்துகொள்வாள்? ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்கவேண்டும் என்கின்றன கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள். மலையில் ஒரு கிலோமீட்டர் என்பது சில வேளை ஒரு பள்ளத்தாக்கு. சரியாக நடத்தாத பள்ளியின் சாசனம் பறிக்கப்படும் என்பதைச் சிறப்பாகக் கூறுகின்றனர். பட்டணத்தில் ஒரு கடை மூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். மலையில் பள்ளி மூடினால் பிள்ளை தோட்டத்துக்குப் போகும்.

விதிகளிலிருந்து விலக்கு என்ற சொல்லையும் சற்று நிதானித்துக் கேட்கவேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் 94 குழந்தைகள் தீயில் கருகி மாண்டனர். உதவிபெறும் பள்ளியும் கட்டணப் பள்ளியும் ஒரே கட்டடத்தில் நெருக்கப்பட்டிருந்தன. மாடியில் கீற்றுக் கூரை. அங்கே விதிகள் இல்லாமலில்லை. அவற்றைக் கேட்பாரில்லை. அதற்குப் பிறகும் விதிவிலக்கைப் பள்ளியின் பெருமையாகப் பேசுவதற்குத் தமிழ்நாட்டில் நமக்கு மனம் வரலாகாது.

தரத்தை எதைக் கொண்டு அளப்பார்கள்? தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டுதான். நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற தட்டியைப் பள்ளி வாயிலில் கட்டும் கலையை நாம் அறிவோம். ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய மாணவனின் பெற்றோரை அழைத்து, ‘இவனுக்கு இங்கே சரிப்படாது’ என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டால் விழுக்காடு தானாக உயரும். நற்செய்தியில் வரும் ஆயன் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்றான். நம் கல்வி ஆயர்கள் தொண்ணூற்றொன்பதின் கணக்குக் கெடாதிருக்க, ஒன்றைத் தாங்களே வேலிக்கு வெளியே தள்ளுகின்றனர். அளவுகோல் இப்படியிருக்க, பொதுப் பணத்தையும் அதனோடு பிணைத்தால், வேலிக்கு வெளியே நிற்கும் ஆடுகளின் எண்ணிக்கையே பெருகும்.

இது வெறும் அச்சமன்று. தென் அமெரிக்காவின் சிலி நாடு இதை நடத்திக் காட்டியிருக்கிறது. இராணுவ ஆட்சியின்போது, 1981-இல், அங்கே பள்ளிக் கல்வி சந்தையின் வழியில் திருப்பிவிடப்பட்டது. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு தரும் பணத்தைத் தனியார் பள்ளிகளும் பெற்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, அப்பள்ளிகளுள் பல தேர்வு வைத்து மாணவரைப் பொறுக்கின, பெற்றோரை நேர்காணலுக்கு அழைத்தன, மேற்கட்டணம் வாங்கின. வசதியுள்ளோர் ஒரு பள்ளியிலும் வறியோர் வேறொரு பள்ளியிலும் குவிந்தனர். 2006-இல் பள்ளி மாணவர்களே சீருடையோடு வீதிக்கு வந்தனர். 2011-இல் மீண்டும் வந்தனர். இறுதியில் 2015-ஆம் ஆண்டு, அரசுப் பணம் பெறும் பள்ளிகளில் இலாபம், மாணவரைப் பொறுக்குதல், மேற்கட்டணம் ஆகிய மூன்றையும் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. முப்பத்துநான்கு ஆண்டுகள் ஒரு நாடு கொடுத்த விலை இது. தனியார் நடத்துவதை அச்சட்டம் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அது எடுத்துக்கொண்டது திருப்பி அனுப்பும் உரிமையை மட்டுமே.

‘எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொள்ளட்டும்’

எதிர்முனையில் நிற்போருக்கும் ஒரு சொல் உண்டு. உதவிபெறும் பள்ளிகளை அரசே எடுத்துக்கொண்டால் எல்லாம் நேராகிவிடும் என்கின்றனர் அவர்கள். 2021-இல் ஆந்திர அரசு அத்திசையில் ஓரடி வைத்தது. உதவிபெறும் நிறுவனங்கள் தம் ஆசிரியர்களையோ சொத்துகளையும் சேர்த்தோ அரசிடம் ஒப்படைக்கலாம். இல்லையேல் உதவியின்றி நடத்திக்கொள்ளலாம் என்றது. விளைவு என்ன? பல பள்ளிகள் மூடப்படும் நிலையோ கட்டணப் பள்ளியாக மாறும் நிலையோ உருவாயிற்று. பெற்றோர் வீதிக்கு வந்தனர். விரும்புவோர் தம் இசைவைத் திரும்பப் பெறலாம் என்று அரசு இறங்கிவர நேர்ந்தது. அந்தப் பெற்றோருள் செல்வர் எவரும் இல்லை. கட்டணமின்றிப் பிள்ளை படித்த இடம் பறிபோகிறதே என்று அழுத எளியோர் அவர்கள்.

1931-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் விளக்கிய துணைமைக் கோட்பாட்டைக் குருமட மாணவர் அனைவரும் படித்திருப்பர். சிறிய அமைப்பால் செய்ய இயலுவதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்பது அதன் ஒரு பாதி. அந்தப் பாதியை மட்டும் ஓதி, அரசு விலகட்டும் என்போர் நம்மிடையே உளர். அக்கோட்பாட்டின் இலத்தீன் வேர்ச்சொல்லுக்கு ‘உதவி’ என்பதே பொருள். சிறிய அமைப்பால் இயலாதபோது பெரிய அமைப்பு உதவிக்கு வந்தாகவேண்டும் என்பது மறு பாதி. ‘உதவிபெறும் பள்ளி’ என்ற நம் அலுவலகச் சொல்லில் அந்த இரு பாதிகளும் தற்செயலாகவே சேர்ந்து நிற்கின்றன. அரசு விழுங்கவும் கூடாது, விட்டோடவும் கூடாது.

விட்டோடுதல் எப்படி நடக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2020-இல் வந்தது, நல்ல சட்டம். ஆனால் உதவிபெறும் பள்ளி மாணவர் அதில் இல்லை. ஒரே ஊரில், ஒரே தோட்டத்தில் கூலி வேலை செய்யும் இருவரின் பிள்ளைகளுள், பள்ளிப் பலகையில் ‘அரசு’ என்று எழுதியிருந்தால் ஒருவருக்கு வாய்ப்பு. ‘அரசு உதவிபெறும்’ என்றிருந்தால் மற்றவருக்கு இல்லை. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஊர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் வந்தது; நகர்ப்புறத்துக்கு 2025 ஆகஸ்டில். புதுமைப்பெண் திட்டமும் அவ்வாறே, 2024 டிசம்பரில்தான் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற பெண்களை எட்டியது. தாமதமாகவேனும் அரசு செய்ததைப் பாராட்டுவோம். ஆயினும் பசிக்கு நிர்வாக வகை தெரியாது என்பதை உணர ஏன் இத்தனை ஆண்டுகள்? காலிப் பணியிடங்களை நிரப்ப ஒப்புதல் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் வழக்குமன்றப் படிகளில் ஏறி இறங்கும் பள்ளிகளின் கதையும் இதே கதைதான். ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் நட்டப்படுவது நிர்வாகியின் பிள்ளையன்று.

நம் வீட்டுக் கணக்கு

அரசையும் சந்தையையும் குறைகூறியதோடு எழுதுகோலை வைத்துவிட்டால் அது நேர்மையாகாது. மேற்சொன்ன கேள்வியை நம் பள்ளிகளின் வாயிலிலும் எழுதிப்போட வேண்டும்: எந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்புகிறோம்?

அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தந்துள்ளது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் மற்றோர் அமர்வு அத்தீர்ப்பின்மீது ஐயம் எழுப்பி, அதைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. வழக்கு எப்படி முடியினும் முடியட்டும். தேர்வு வைத்துக் குழந்தையைப் பொறுக்கக்கூடாது, நன்கொடை கேட்கக்கூடாது, நான்கில் ஓரிடத்தை நலிந்தோர்க்குத் தரவேண்டும் என்பவை அச்சட்டத்தின் கட்டளைகள். இவற்றிலிருந்து விலக்குப் பெற்றதை வெற்றி என்று கொண்டாடுவதற்குக் கிறிஸ்தவர்களாகிய நமக்கு என்ன இருக்கிறது? 30-ஆம் பிரிவு, எளிய சமூகத்தை வலிய அரசிடமிருந்து காக்கும் கேடயம். அதை எளிய குழந்தையிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ளப் பிடிப்பது அந்தக் கேடயத்துக்கே இழிவு.

1977-இல் உரோமையிலிருந்து வெளிவந்த கத்தோலிக்கப் பள்ளி பற்றிய ஏடு, நம் கல்விப் பணி முதலில் வறியோர்க்கே உரியது என்றும், பெரும்பாலும் வசதியுள்ளோரையே நாடிச் சென்றால் அவர்களுடைய மேன்மையைக் கட்டிக்காக்கவே நாம் துணைபோவோம் என்றும் எச்சரித்தது. அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் வளாகங்களைச் சுற்றி வருவோம். ஒரே சுவருக்குள் உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளியும் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளியும் இருக்கும் இடங்கள் எத்தனை! அவற்றுள் புதுக்கட்டடம் எதற்கு, பழைய ஓட்டுக் கட்டடம் எதற்கு? கணினி அறை யாருக்கு? ஆண்டு விழாவில் எந்தப் பள்ளிப் பிள்ளைகள் மேடையில், எவர் தரையில்? ஆசிரியர் பணியிடத்துக்கு விலை உண்டு என்ற பேச்சு ஊரில் எழுமாயின், அதைப் பழிச்சொல் என்று தள்ளுவதற்குமுன் பணி நியமனத்தை ஊரறிய நடத்திக்காட்டுவதே விடை. தலித் கிறிஸ்தவர் தம் சொந்தத் திருச்சபையின் பள்ளிகளில் ஆசிரியப் பணி கேட்டு நெடுங்காலமாகக் குரல் எழுப்பிவருவது எவர்க்கும் தெரியாததன்று.

என்ன செய்யலாம்?

அரசுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவதாக, எந்த அரசுப் பள்ளியையும் எவரிடமும் கையளிக்கவேண்டாம். அதன் தலைமையாசிரியருக்கு உரிமையும் நிதியும் முழு எண்ணிக்கையில் ஆசிரியர்களும் கொடுங்கள். இரண்டாவதாக, 1991-92 என்ற கோட்டை மலைப்பகுதிகளுக்கும், பழங்குடியினர் வாழிடங்களுக்கும், பள்ளி எட்டாத ஏனைய இடங்களுக்கும் மட்டுமாவது அழியுங்கள். அங்கே கட்டணமின்றிப் பள்ளி நடத்த முன்வருவோருக்குப் பழைய உதவி கிடைக்கட்டும். மூன்றாவதாக, பொதுப் பணம் பெறும் ஒவ்வொரு பள்ளிக்கும், சிறுபான்மைப் பள்ளி உட்பட, ஒரே நிபந்தனை இருக்கட்டும்: அருகில் வாழும் குழந்தைக்கே முதலிடம், தேர்வில்லை, கட்டணமில்லை, நன்கொடையில்லை, இடத்தைவிட வருவோர் மிகுந்தால் குலுக்கல், ஆசிரியர் நியமனமும் கணக்கும் அறிவிப்புப் பலகையில். அந்த நிபந்தனையை ஏற்கும் பள்ளியின் மாணவருக்கு, 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உட்பட, அரசுப் பள்ளி மாணவரின் சலுகைகள் அனைத்தும் கிடைக்கட்டும்.

இது நம் உரிமையைப் பறிப்பதாகாதா என்று நிர்வாகிகள் கேட்பர். நிறுவும் உரிமை நம்முடையது, பெயர் நம்முடையது, மறைக்கல்வியும் பண்பாடும் நம்முடையவை. இழக்கப்போவது திருப்பி அனுப்பும் உரிமை ஒன்றையே. அந்த உரிமையை ஆண்டவர் எவருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை. குழந்தைகளைத் தடுத்த சீடர்களை அவர் கடிந்துகொண்டதாகவே நற்செய்தி கூறுகிறது.

மறைமாவட்டங்களையும் துறவற சபைகளையும் வேண்டுவது ஒன்றே. 1955-இல் இயேசு சபைக் குருவான ஹொசே மரியா வேலாஸ், வெனிசுவேலாவின் கராகஸ் நகரத்துச் சேரியில் ‘நம்பிக்கையும் மகிழ்வும்’ என்ற பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் பரவியது. அவற்றுள் சிலவற்றில் ஆசிரியர் ஊதியத்தை அரசே ஏற்கிறது. தார்ச்சாலை முடியும் இடத்தில் எங்கள் பணி தொடங்குகிறது என்பது அவ்வியக்கத்தாரின் முழக்கம். பழனி மலையில் தார்ச்சாலை எங்கெங்கே முடிகிறது என்பதை இம்மலையில் பணியாற்றும் அருள்பணியாளர்களும் அருள்சகோதரியரும் நன்கு அறிவர். அடுத்த கட்டடத்துக்கு வரைபடம் போடுமுன், அந்த இடங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வோமாக. அரசு கதவைத் திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கட்டணப் பள்ளிகளின் உபரி வருவாயில் ஒரு பங்கு மலையேறுமானால், அங்கே ஓர் ஆசிரியர் கூடுதலாக நிற்பார். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.